காலால் தந்தது

எதிரி உதைத்தால் ஏந்தலாம்.
நம்மவன் உதைத்துத் தந்தால்
கை படக் கூடாது.
பதினைந்து வருடமாக நான் கட்டுப்பட்டு நிற்கும் சட்டம்,
இன்னும் எனக்குப் பிடிபடாத சட்டம்.

தலையால் தரலாம். நெஞ்சால் தரலாம்.
முழங்காலால் தட்டிவிட்டாலும் வாங்கிக்கொள்ளலாம்.
பாதத்தால், அதுவும் வேண்டுமென்றே தந்தால் மட்டும்
கோலியின் கைக்கு விலக்கு.
ஓல்ட்டன் ரயில்நிலையத்துக்குப் பின்னால்
கடை வைத்திருக்கும் சபாநாதனிடம் சொன்னேன்.
“சரிதானே, காலால தந்ததை
ஆர் கையால வாங்குவான்?” என்றார்
கத்தரிக்காய் நிறுத்தபடி.

வெள்ளி இரவு
ஹெர்க்கிங்கன் தபால் நிலையத்தில் பட்டி ஓடிவரும்.
யார் அனுப்பியது, யாருக்கு,
தெரிந்தா தெரியாமலா,
ஒன்றும் கேட்காமல் இந்தக் கைகள் எடுக்கும்.
சப்பாத்துப் பெட்டி, நாய்த் தீன், குளிர்காலச் சில்லு,
ஒருமுறை உயிரோடு தேனீக்கள்,
அட்டைக்குள் இருந்து விரலோடு பேசின.
ஆறு மணிக்கு வேலை முடியும்.
பத்தரைக்கு ஆட்டம்.

நவம்பர்ப் பனிமூட்டம்.
நடுக்கோட்டுக்கு அப்பால் எல்லாம் வதந்தி.
எழுபத்தொன்பதாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று,
வெள்ளைக்குள் இருந்து லாவ்டிம் பின்னால் தட்டினான்.
பந்து பாதி வழியில் சேற்றில் அமர்ந்துவிட்டது.
எனக்கு மூன்று எட்டு.
அவர்களின் ஒன்பதாம் இலக்கத்துக்கும் மூன்று எட்டு.
எடுத்துவிட்டேன்.
பார்சல் என்று நினைத்தது கை.

விசில்.
நடுவர் ஃப்ளூரினாவுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்.
மூக்கு நுனி சிவந்திருந்தது.
வலக்கையை வானுக்கு உயர்த்தி
அப்படியே வைத்திருந்தாள்.
மறைமுக உதை.
கோலுக்கு ஏழே மீற்றர்.

பதினொரு பேரும் கோட்டில் நின்றோம்,
கலியாண வீட்டுப் படத்துக்கு நெருக்கி நிற்பதுபோல.
லாவ்டிம் என் இடப்பக்கம்
அல்பானிய மொழியில் தன்னையே திட்டிக்கொண்டிருந்தான்.
எதிரே ஒன்பதாம் இலக்கம், தனியே.
தட்டிக் கொடுக்க அவனுக்குப் பக்கத்தில் ஆளில்லை.
அப்போதுதான் உறைத்தது:
ஒருவரிலும் படாமல் நேரே உள்ளே போனால்
அது கோல் இல்லை.
நான் தடுக்கப் போய்
நகம் பட்டால், அது கோல்.

“விலகுங்கோ! விடுங்கோ, போகட்டும்!”
கத்தியது தமிழில்.
வேறு மொழி அந்த நேரம் வரவில்லை.
பத்துப் பேரும் இன்னும் நெருங்கினார்கள்.

அடித்தான்.
எனக்கும் லாவ்டிமுக்கும் நடுவே, தோளுயரத்தில்,
என்றைக்கும் பிடிக்கிற பந்து,
தூக்கத்திலும் பிடிக்கிற பந்து.
கைகள் தாமாகவே எழுந்தன.
எப்படி இறக்கினேன் என்று கேட்காதீர்கள்.
வலை உப்பியது.

அவர்கள் ஓடினார்கள், கட்டிக்கொண்டார்கள்,
ஒருவன் முழங்காலில் வழுக்கிப் பனிக்குள் காணாமல் போனான்.
ஃப்ளூரினாவின் கை இன்னும் மேலே.
கொண்டாட்டம் மெல்ல மெல்ல
அந்தக் கையைக் கண்டுபிடித்தது.
“பட்டது! பட்டது!” ஒன்பதாம் இலக்கம்
தொண்டை கிழியக் கத்தினான்.
அவள் என்னிடம் வந்தாள்.
“உங்களில் பட்டதா?”
“இல்லை.”
என்னில் படவில்லை.
அவள் கேட்டது என்னைப் பற்றித்தான்.
கை இறங்கி
கோல் உதைக்குக் காட்டியது.

உடைமாற்றும் அறையில் ஆவி.
எல்லோரும் என் முதுகில் அறைந்து
பிடிக்காத பந்துக்காகப் பாராட்டினார்கள்.
லாவ்டிம் மட்டும் சட்டையைக் கழற்றி
வலத் தோளைத் திருப்பிப் பார்த்தான்.
விரல் நீளத்தில் ஒரு சேற்றுக் கீற்று.
“உரசினது” என்றான், எனக்கு மட்டும்.
எல்லார் சட்டையிலும் சேறுதான் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

அந்த வாரம் சட்டைகள் துவைப்பது என் முறை.
மடித்து நீட்டினான்.
கையால்தான் தந்தான்.
வாங்கிக்கொண்டேன்.